குளியலறைப் பூசணம்: யார் பொறுப்பு?

ஐப்பசி மழை பிடித்த இரண்டாவது வாரத்தில் எங்கள் குளியலறையின் மேல்மூலையில் கடுகளவுக் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். கார்த்திகை முடிவதற்குள் அவை உள்ளங்கையளவு திட்டுகளாகும். மார்கழியில் கூரையோரம் முழுவதும் படரும். பங்குனி வெயிலில் வெளிறி, சித்திரையில் மறைந்துவிட்டதுபோல் இருக்கும். மதுரை வண்டியூரில் இந்த வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எட்டு மழைக்காலங்களிலும் இதே சுழற்சிதான்.

முதல் ஆண்டில் வீட்டு உரிமையாளரிடம் சொன்னபோது, “கழுவிவிட்டு நன்றாகத் துடைத்து வைத்தால் பூசணம் வராது, டீச்சர்” என்றார். அவர் நல்ல மனிதர். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் மாமியாரும் அதையே வேறு சொற்களில் சொன்னார். கல்லூரிக்குப் போகும் முன் தேய்த்தேன், வந்த பின் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏணி போட்டுத் தேய்த்தேன். பத்து நாளில் கறுப்பு திரும்பி வந்தது. என் சுத்தத்தின் மீது எனக்கே ஐயம் வந்துவிட்டது.

என் மகளுக்கு மழைக்காலந்தோறும் இளைப்பு வரும். மூன்றாம் ஆண்டில் குழந்தை மருத்துவர் மருந்து எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டில் எங்காவது ஓதம் இருக்கிறதா?” அந்தப் பூசணம்தான் இளைப்புக்குக் காரணம் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால், அது இருக்கும்வரை மருந்து பாதி வேலைதான் செய்யும் என்றார். அன்றைக்குத்தான் இதைத் துடைப்பத்தின் பிரச்சினையாகப் பார்ப்பதை நிறுத்தினேன். இந்த அறை ஏன் காய்வதே இல்லை என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது.

கிணற்றடியிலிருந்து வீட்டின் நடுவுக்கு

வண்டியூர் ஒரு கண்மாய்ப் பாசன ஊர். சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கிய அழகர் வந்து தங்கும் ஊர் என்பதால் தென்மாவட்டங்களில் இதன் பெயர் தெரியாதவர் இல்லை. கண்மாயைச் சுற்றிய நிலங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் மனைகளாயின. ஊர் மாநகரத்தின் பகுதியானது. இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனைகளில் வீடுகள் எழுந்தன. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், இடையில் படிக்கட்டு என்பது இன்றைக்கு இப்பகுதியின் பொதுவான கட்டுமானம். படிக்கட்டுக்கு அடியில் மிஞ்சும் இடமோ, இரண்டு அறைகளுக்கு நடுவே எஞ்சும் இடமோ குளியலறையாகிறது.

எங்கள் பாட்டனார் வீட்டில் குளியலறை என்று ஓர் அறையே கிடையாது. ஆண்கள் கிணற்றடியில் குளித்தார்கள். பெண்களுக்குக் கொல்லைப்புறத்தில் ஓலைத் தட்டி கட்டிய மறைப்பு இருந்தது. பெண்களுக்கு அது வசதியான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். இருட்டும்வரை காத்திருந்த கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்ட ஒரு குளியலறை கிடைத்தது பெண்களுக்குக் கிடைத்த விடுதலைகளில் ஒன்று. ஆனால், குளியலை உள்ளே கொண்டுவந்தபோது கொல்லைப்புறத்து வெயிலையும் காற்றையும் வெளியிலேயே விட்டுவிட்டோம். அவை செய்துவந்த வேலையை யார் செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் மாறியது. அன்றைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். புதிதாக அடித்த சுண்ணாம்பு கடும் காரத்தன்மை கொண்டது. அதில் பூஞ்சை எளிதில் வளராது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அந்தக் காரம் குறையும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, பொங்கலுக்கு வெள்ளையடித்த வழக்கம் அழகுக்காக மட்டும் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. இன்று குளியலறையின் கீழ்ப்பாதிக்கு டைல்ஸ், மேல்பாதிக்கும் கூரைக்கும் எமல்ஷன் பெயிண்ட். பெயிண்டில் உள்ள பிசின், அதன்மேல் படியும் சோப்பு, தூசி, உடல் எண்ணெய் ஆகியவை பூஞ்சைக்கு உணவாகின்றன. எங்கள் வீட்டில் டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலேதான் கறுப்பு தொடங்குகிறது என்பதை இப்போது கவனிக்கிறேன்.

மதுரை ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் ஊர். அதனாலேயே இங்கு வீடு கட்டுபவர்கள் வெப்பத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். ஓதத்தைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால், அடைத்த குளியலறைக்குள் பருவநிலையே வேறு. அங்கே ஆண்டு முழுவதும் ஐப்பசிதான்.

ஒரு லிட்டர் நீரின் கணக்கு

பூஞ்சையின் வித்துகள் எல்லாக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை ஒழிக்க முடியாது. அவை முளைக்கத் தேவையானவை மூன்று: மிதமான வெப்பம், கொஞ்சம் உணவு, ஈரம். முதல் இரண்டும் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பரப்பு ஓரிரு நாட்களுக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சை வேரூன்றுவது கடினம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட பொது விதி. ஒரே நாளில் ஐந்து பேர் மாறிமாறிக் குளிக்கும் வீட்டில் சுவர் எப்போது காயும்?

இதைக் கணக்காகவே பார்க்கலாம். எங்கள் குளியலறை 5 அடி அகலம், 7 அடி நீளம், 9 அடி உயரம். கொள்ளளவு ஏறக்குறைய 9 கன மீட்டர். ஒருவர் குளித்து முடித்தபின் தரையிலும் சுவரிலுமாகச் சுமார் 10 சதுர மீட்டர் பரப்பு நனைந்திருக்கும். அதில் நீர்ப்படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால்கூட, தங்கியிருக்கும் நீர் 1 லிட்டர். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் வெளிக்காற்றின் ஈரப்பதமே 80 விழுக்காடு என்றால், அதில் 24 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மீதி இடம் 6 கிராமுக்குத்தான். ஆக, அந்த ஒரு லிட்டர் நீரை வெளியே கொண்டுபோக 160 கன மீட்டருக்கும் அதிகமான காற்று வேண்டும். அதாவது, அறையின் காற்று முழுவதும் 18 முறை மாற வேண்டும். சன்னலும் கதவும் மூடிய அறையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறினாலே அதிகம். முதல் ஆள் விட்டுச்சென்ற ஈரம் காயும் முன்பே மாலைக் குளியல் வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, தேய்ப்பதால் மட்டும் தீராது. நாம் அகற்றுவது பூஞ்சையை, ஈரத்தை அல்ல. இரண்டு, ஈரத்தை வெளியேற்ற மிக மலிவான வழி, அதை ஆவியாக விடாமல் நீராகவே தள்ளிவிடுவது. ரப்பர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு நிமிடம் வழித்துவிட்டால் அந்த ஒரு லிட்டரில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். எஞ்சியதைத்தான் காற்று சுமக்க வேண்டும்.

எல்லா ஓதமும் குளித்த நீரல்ல. மேல்மாடிக் குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், கண்மாய் நிறையும்போது அடித்தளம் வழியே ஏறும் நிலத்தடி ஈரம் ஆகியவையும் காரணமாகலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. சுவரைத் துடைத்துவிட்டு, ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் மேற்பரப்பில் கோத்தால் அறையின் காற்றிலிருந்து வருகிறது. முன்னதற்குக் கொத்தனார் வேண்டும். பின்னதற்குக் காற்று வேண்டும்.

மூடிய சன்னலின் நியாயம்

எங்கள் குளியலறைக்குச் சன்னல் இல்லாமல் இல்லை. ஒன்றரை அடிக்கு ஓரடி அளவில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர் ஒன்று இருக்கிறது. நாங்கள் வரும்போதே அதன்மேல் பாலித்தீன் தாள் ஒட்டியிருந்தது. முன்பு குடியிருந்தவர்களைக் குறைசொல்ல முடியவில்லை. அது திறப்பது மூன்றடிச் சந்துக்குள். எதிரே அடுத்த வீட்டின் சன்னல். கைபேசிக் காமிராக்களின் காலத்தில் எந்தப் பெண் அதைத் திறந்துவைத்துக் குளிப்பாள்? மாலையானால் கொசு. டெங்குக் காய்ச்சல் பரவும் அதே மழைக்காலத்தில்தான் பூசணமும் வருகிறது. காற்றுக்குத் திறந்தால் கொசு வரும், மானம் போகும். மூடினால் பூசணம் வரும். இந்தச் சிக்கலைக் குடியிருப்பவர் தலையில் கட்டிவிட்டு, ‘சன்னலைத் திறந்து வையுங்கள்’ என்று அறிவுரை சொல்வது எளிது.

இந்தக் கையறுநிலையில் நாம் செய்பவை சில நேரம் பூசணத்தைவிட ஆபத்தானவை. கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறோம். அதுவும் போதவில்லை என்று கழிப்பறைக்கான ஆசிட்டை அதன்மேல் ஊற்றுகிறோம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அது நுரையீரலை நேரடியாகத் தாக்கும். எக்காரணம் கொண்டும் இவ்விரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தக் கூடாது. டைல்ஸ் பரப்புக்குச் சோப்புநீரும் தேய்ப்பானுமே போதும். பெயிண்ட் உப்பிய இடத்தில் மேலே மீண்டும் பெயிண்ட் அடிப்பதும் வீண். சுரண்டி, காயவிட்டு, காரணத்தைச் சரிசெய்த பிறகே அடிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். 2021இல் கரோனா இரண்டாம் அலையின்போது ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயரில் பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ் நோயைத் தமிழ்நாடு அரசு அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அந்த மே மாதம் அறிவித்தது. கட்டுப்பாடற்ற நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்துகளும் உடலைத் தளர்த்தியிருந்த நோயாளிகளையே அது பெரிதும் தாக்கியது. குளியலறைச் சுவரின் கறுப்பு அதுவல்ல. அந்தப் பெயரைக் கேட்டுப் பீதியடைவதும் தவறு. அந்த நோய் இல்லையே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இவ்வளவு பூஞ்சை வரை பாதுகாப்பானது என்று ஓர் எல்லையை வகுக்க முடியாது என்றும், ஓதத்தைத் தடுப்பதே வழி என்றும் அதே ஆவணம் சொல்கிறது.

ராச்டேல் கற்பித்த பாடம்

இதை ஒரு நாடு சட்டமாகவே எழுதியிருக்கிறது; அதற்கு ஒரு குழந்தையின் உயிர் விலையாயிற்று. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சமூகக் குடியிருப்பு ஒன்றில் வசித்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டின் பூசணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் ஏற்பட்ட கடும் சுவாசக் கோளாறே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி 2022 நவம்பரில் தீர்ப்பளித்தார். தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார். அவருக்குச் சொல்லப்பட்டது, ‘மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான். சூடானிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறையே பூசணத்துக்குக் காரணமாக இருக்கும் என்று ஊகித்துவிட்டதாகவும், அது தவறு என்றும் குடியிருப்பை நிர்வகித்த நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டவிதிகள் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கணிசமான ஓதம், பூசணம் பற்றிய புகாரை 10 வேலை நாட்களுக்குள் ஆய்வுசெய்ய வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். குளிர்நாட்டு வீடும் மதுரை வீடும் ஒன்றல்ல. ஆனால், ‘உங்கள் பழக்கம்தான் காரணம்’ என்ற பதில் இரண்டு ஊரிலும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் விதிகளில் உள்ள இடைவெளி

நம்மிடம் விதிகள் இல்லாமலில்லை. 1970இல் முதன்முதலாக வெளியாகி, கடைசியாக 2016இல் திருத்தப்பட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குளியலறைக்கும் கழிப்பறைக்கும் வெட்டவெளியையோ காற்றுக்கூண்டையோ நோக்கித் திறக்கும், 0.3 சதுர மீட்டருக்குக் குறையாத சன்னலோ வென்டிலேட்டரோ வேண்டும் என்று கூறிவந்திருக்கிறது. அது மூன்று சதுர அடிக்குச் சற்றே கூடுதல். எங்கள் வீட்டில் இருப்பது அதில் பாதி. அதுவும் மூடிக் கிடந்தது. தமிழ்நாட்டிலும் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் 2019 முதல் நடைமுறையில் உள்ளன.

விதி இருந்தால் மட்டும் போதுமா? 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. அலுவலக வாசல்களில் அலைந்து தவித்த நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரிய நிவாரணம். அதை நான் வரவேற்கிறேன். சிறிய குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழும் கட்டாயமில்லை. ஆனால், தொடக்கத்திலும் முடிவிலும் ஆய்வு இல்லையென்றால், படிக்கட்டுக்கு அடியிலுள்ள குளியலறைக்குக் காற்று வருகிறதா என்று யார் பார்ப்பார்கள்? கட்டுபவரே பார்க்க வேண்டும். அவர் அதில் குடியிருக்கப் போவதில்லை என்றால் பார்ப்பதற்கான தூண்டுதலும் இல்லை.

வாடகைச் சட்டத்திலும் இதே இடைவெளி. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், பராமரிப்புப் பொறுப்புகளை அட்டவணையிட்டுப் பிரிக்கிறது. கட்டமைப்புப் பழுதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடையைச் சுத்தம் செய்வது போன்றவை வாடகைதாரரைச் சேர்ந்தவை. நடைமுறையிலோ, வீட்டைக் காலி செய்யும்போது ‘பெயிண்ட் அடிக்க’ என்று ஒரு மாத வாடகையை முன்பணத்தில் பிடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். காற்றோட்டக் குறைவால் வரும் ஓதம் கட்டமைப்புப் பழுதா, பராமரிப்புக் குறையா? அதற்கு நேரடியான விடை இல்லாததால், வாதத்தில் பலவீனமானவர் மீது பழி விழுகிறது. வாடகைதாரர், அவருள்ளும் பெரும்பாலும் பெண்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, சுயசான்று விண்ணப்பத்தில் குளியலறை, கழிப்பறைகளின் காற்றுத் திறப்பு எங்கே, எவ்வளவு என்பதைத் தனி வரியாகக் கேட்க வேண்டும். வெளிச்சுவர் இல்லாத குளியலறைக்குக் காற்றுக்குழாயும் வெளியேற்று விசிறியும் கட்டாயமாக வேண்டும். இரண்டாவதாக, வாடகைச் சட்ட அட்டவணையில் ஓதமும் காற்றோட்டமும் உரிமையாளர் பொறுப்பு என்று வெளிப்படையாகச் சேர்க்கப்பட வேண்டும். மூன்றாவதாக, அரசு தானே முன்மாதிரியாக வேண்டும். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருகிறது. ஓதம் பற்றிய புகாருக்கு இத்தனை நாட்களில் ஆய்வு, இத்தனை நாட்களில் சீரமைப்பு என்ற காலவரையறையை அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு துளையும் ஒரு விசிறியும்

மருத்துவரின் கேள்விக்குப் பிறகும் நாங்கள் நீண்ட காலம் தயங்கினோம். வாடகை வீட்டுச் சுவரில் துளையிட யார் துணிவார்? சென்ற ஆண்டு மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி உரிமையாளரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மாடியில் எங்கள் குளியலறையிலும் இப்படித்தான் இருக்கிறது, டீச்சர்” என்றார். அந்த வீட்டுப் பெண்களும் தேய்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

வென்டிலேட்டரின் பாதியை எடுத்துவிட்டு ஆறு அங்குல விசிறி ஒன்றைப் பொருத்தினோம், மறுபாதியை மூடிவிட்டோம். பக்கத்திலேயே திறப்பு இருந்தால் விசிறி அதன் வழியாக வெளிக்காற்றையே இழுத்து வெளியே தள்ளும், அறைக்காற்று அசையாது. உள்ளே காற்று வரக் கதவின் அடியில் அரை அங்குலம் இழைத்துவிட்டோம். வெளிப்பக்கம் கொசுவலையும் தகடும் இருப்பதால் மானத்துக்கும் குறைவில்லை. எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பாதியை உரிமையாளர் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். குளித்தவர் வைப்பரால் வழித்துவிட்டு வர வேண்டும், விசிறி அதன்பின் அரை மணி நேரம் ஓட வேண்டும் என்பது வீட்டு விதி. அது என் கணவருக்கும் மகனுக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கார்த்திகையில் கூரையோரம் வெள்ளையாக இருக்கிறது. ஹீட்டர் குழாய்க்குப் பின்னால், விசிறியின் இழுப்பு எட்டாத மூலையில் மட்டும் நான்கைந்து புள்ளிகள். மகளுக்கு இளைப்பு இரண்டு முறை வந்தது. முந்தைய ஆண்டுகளைவிடக் குறைவு. விசிறியால்தான் குறைந்தது என்று நான் அறுதியிட மாட்டேன்; மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால், பக்கத்துத் தெருவில் புதிதாக அடித்தளம் போடும் ஒரு வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் குளியலறைக்கு இடம் குறித்திருப்பதை நேற்றுப் பார்த்தேன். இன்னும் சுவர் எழும்பவில்லை. ஒரு காற்றுக்குழாய்க்கு இப்போது இடம் விட்டால் சில நூறு ரூபாயில் முடியும். அதை அவர்களிடம் சொல்லும் கடமை ஒரு விதிக்கும் ஓர் அலுவலகத்துக்கும் இருந்திருக்க வேண்டும். இப்போதைக்கு நானே போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.